ஒரே மூளை, ஒரே எஞ்சின், ரெண்டு கடிகாரங்கள்: ராயல் ஓக்கும் நாட்டிலஸும்

கைக்கடிகாரங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரு கதை சொல்வார்கள். ஜப்பான்காரர்கள் குவார்ட்ஸ் கடிகாரத்தைக் கொண்டுவந்தார்கள், சுவிஸ் தொழில் ஆட்டம் கண்டது. அப்போது ஜெரால்ட் ஜென்டா என்கிற டிசைனர் ஒரே ராத்திரியில் ராயல் ஓக்கை வரைந்து தொழிலைக் காப்பாற்றினார். கொஞ்ச வருடம் கழித்து ஒரு ஓட்டலில் சாப்பிட்டுக்கொண்டே அஞ்சு நிமிடத்தில் நாட்டிலஸை வரைந்தார்.

அருமையான கதை, படமே எடுக்கலாம். ஆனால் தேதிகளை வரிசையாக ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் பாதிக்கதை ஆடிப்போய்விடுகிறது. மிச்சமிருக்கும் பாதி, சொல்லப்படுகிற கதையைவிட எனக்கு சுவாரசியமாக இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த ரெண்டில் எதையும் நான் வாங்கப்போவதில்லை. வாங்க வேண்டுமானால் வீட்டை விற்க வேண்டும். என் கையில் இருப்பது தினமும் சார்ஜ் போடுகிற, நடந்த அடிகளை எண்ணுகிற சமாச்சாரம். எனக்கு இதில் ஆர்வம் வந்ததற்குக் காரணம் வேறு. இருபது வருடத்துக்கு மேல் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் நான். பல தலைமுறையாகச் சேர்த்துவைத்த கைத்திறமையை ஒரு சின்ன மின்சுற்று பத்து வருடத்தில் தேவையற்றதாக ஆக்கிவிட்டால் என்ன நடக்கும் என்பது, இந்த வருடங்களில் என்னைப் போன்றவர்களுக்கு வெறும் வரலாற்றுக் கேள்வி இல்லை.

சரி, தேதிகளுக்கு வருவோம்.

1969 டிசம்பர் 25. சீக்கோ நிறுவனம் டோக்கியோவில் அஸ்ட்ரான் என்ற கடிகாரத்தை விற்பனைக்கு விட்டது. உலகில் கடைக்கு வந்த முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம் அதுதான். உள்ளே ஒரு குவார்ட்ஸ் துண்டு நொடிக்கு 8,192 தடவை அதிரும். மாதத்துக்கு 5 நொடிதான் முன்பின் ஆகும் என்றார்கள். நல்ல மெக்கானிக்கல் கடிகாரம் ஒரே நாளில் அந்த அஞ்சு நொடியைத் தவறவிடும். ஆனால் அஸ்ட்ரான் தங்கக் கேஸில் வந்தது, விலை 4,50,000 யென். அந்தக் காலத்தில் அது ஒரு சின்ன காரின் விலை. இது கவனிக்க வேண்டிய விஷயம். 1970-இல் குவார்ட்ஸ் என்பது மலிவுச் சரக்கே இல்லை, பணக்காரர்களின் பொம்மை.

இன்னொன்று. சுவிஸ்காரர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள் என்பதும் சரியில்லை. 1962-லேயே பல கம்பெனிகள் சேர்ந்து நூஷாடெல் நகரில் மின்னணுக் கடிகார ஆய்வகம் ஒன்றைத் தொடங்கி, 1967-இல் குவார்ட்ஸ் கைக்கடிகார மாதிரியையும் செய்துவிட்டார்கள். அதிலிருந்து வந்த பீட்டா 21 என்ற எஞ்சினை வைத்துப் பல நிறுவனங்கள் 1970 ஏப்ரலில் பாசல் கண்காட்சியில் கடிகாரங்களை வைத்தன. பின்னாளில் நாட்டிலஸ் செய்யப்போகிற பத்தேக் பிலிப்பும் அந்தக் கூட்டணியில் இருந்தது. குவார்ட்ஸ் கடிகாரமும் விற்றது.

இப்போது ராயல் ஓக். ஓடெமார் பீகே கம்பெனி 1875-இல் லெ பிராஸ்ஸூ என்ற மலைக்கிராமத்தில் தொடங்கப்பட்டது. அதன் நிர்வாகி ஜார்ஜ் கோலே, பாசல் கண்காட்சி திறப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம் நாலு மணிக்கு ஜென்டாவைத் தொலைபேசியில் அழைத்து, இதுவரை யாரும் பார்த்திராத ஒரு ஸ்டீல் கடிகாரத்தின் படம் நாளைக் காலைக்குள் வேண்டும் என்றார். இத்தாலி விற்பனையாளர்கள் அப்படி ஒன்றைக் கேட்டிருந்தார்கள். ஜென்டா விடிவதற்குள் வரைந்து கொடுத்தார். ஜென்டாவே பிற்காலத்தில் பேட்டிகளில் சொன்ன கதை இது. பல கட்டுரைகளில் இந்த ராத்திரி 1971 என்று இருக்கும். கம்பெனியின் வரலாற்றுப் பிரிவு இப்போது 1970 ஏப்ரல் 10 என்று சொல்கிறது. எனக்கு 1970-தான் பொருந்துகிறது. கடிகாரம் மக்கள் முன் வந்தது 1972 ஏப்ரல். இதுவரை செய்யாத வடிவத்தில், இதுவரை அதிகம் தொடாத உலோகத்தில், கேஸ், டயல், பிரேஸ்லெட் எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய ரெண்டு வருடமாவது ஆகும்.

1970 என்று வைத்துக்கொண்டால் பெரிய கதை கவிழ்ந்துவிடுகிறது. அஸ்ட்ரான் வந்து நாலு மாதம்கூட முழுசாக ஆகவில்லை. அதே கண்காட்சியில்தான் சுவிஸ்காரர்களே பெருமையாகக் குவார்ட்ஸ் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்த நேரத்தில் யாரும் குவார்ட்ஸுக்குப் பயந்து ஸ்டீல் கடிகாரம் கேட்கவில்லை. இத்தாலியில் ஒரு புதுவகை வாடிக்கையாளர் உருவாகியிருந்தார். பகலில் படகு, மாலையில் விருந்து, ரெண்டுக்கும் ஒரே கடிகாரம் வேண்டும் என்கிறவர். ராயல் ஓக் அவருக்காகச் செய்யப்பட்டது. 'குவார்ட்ஸுக்குச் சுவிட்சர்லாந்தின் பதிலடி' என்ற பட்டம் பிறகு ஒட்டிக்கொண்டது.

கடிகாரத்தைப் பார்ப்போம். படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் நன்றாக இருக்கும்.

கண்ணாடியைச் சுற்றி எட்டுக்கோண வளையம். அதில் எட்டு ஸ்க்ரூக்கள். ஜென்டா சின்ன வயசில் ஜெனிவாவில் ஒரு முக்குளிப்பவரின் ஹெல்மெட்டைப் பார்த்தாராம். கண்ணாடியைச் சுற்றித் திருகாணிகள், நடுவில் ரப்பர் வளையம். அதைத்தான் வரைந்தேன் என்பார். பொதுவாக ஒரு கடிகாரம் தண்ணீர் புகாமல் இருக்க என்னவெல்லாம் செய்திருக்கிறார்கள் என்பதை மறைத்துவைப்பார்கள். இங்கே ஸ்க்ரூவும் தெரியும், பக்கவாட்டில் பார்த்தால் அந்தக் கறுப்பு வளையமும் தெரியும்.

ஸ்க்ரூ என்று சொல்கிறோமே தவிர அவை ஸ்க்ரூவே இல்லை. என்னைப் போன்ற ஆட்களுக்கு ரொம்பப் பிடிக்கிற இடம் இது. வெள்ளைத் தங்கத்தில் செய்த அறுகோணத் தலை போல்ட்டுகள் அவை. வளையத்தில் வெட்டிய அறுகோணக் குழிகளில் அந்தத் தலைகள் கச்சிதமாக உட்கார்ந்திருக்கும். ஸ்க்ரூடிரைவரை வைத்து என்ன முயன்றாலும் திரும்பாது. பின்பக்கத்தில் நட்டைத்தான் முடுக்க வேண்டும். அதனால்தான் எட்டு கோடுகளும் வட்டத்தைத் தழுவிச் செல்வதுபோல் எப்போதும் ஒரே ஒழுங்கில் நிற்கின்றன. சாதாரண ஸ்க்ரூவாக இருந்தால் முடுக்குகிற வேகத்தில் ஒன்று கிழக்கே பார்க்கும், ஒன்று வடக்கே பார்க்கும். தலையில் இருக்கும் கோடு வெறும் அலங்காரம். வேலை செய்கிற பாகம் மாதிரி தெரிகிற அலங்காரம், அலங்காரம் மாதிரி தெரிகிற நிஜ வேலை. ரெண்டும் ஒரே போல்ட்டில்.

அளவு 39 மில்லிமீட்டர். அந்தக் காலத்து விருந்துக் கடிகாரங்களுக்கு இது பூதாகாரம். ஆனால் கனம் சுமார் 7 மில்லிமீட்டர்தான். இவ்வளவு அகலத்தில் இவ்வளவு தட்டையாக எப்படி?

இங்கேதான் மூன்றாவது கதாபாத்திரம் வருகிறது. 1967-இல் ஷேகர்-லெகூல்த்ர் கம்பெனி 920 என்ற எஞ்சினை உருவாக்கியது. தானாகச் சாவி ஏறுகிற வகை. அதாவது கையை ஆட்டும்போது ஒரு பாதி வட்டத் தகடு சுழன்று ஸ்பிரிங்கை முறுக்கும். இந்தத் தகடு எஞ்சினுக்கு மேலே உட்காருவதால் கனம் கூடிவிடும் என்பதுதான் எல்லோருக்கும் இருந்த தலைவலி. 920-இல் தகட்டின் விளிம்பை ஒரு தண்டவாளம் மாதிரி வளையத்தின் மேல் ஓடவிட்டு, அதை மாணிக்க உருளைகளால் தாங்கினார்கள். விளைவு, முழுத் தகடும் சேர்த்து 2.45 மில்லிமீட்டர். தேதி காட்டுகிற பாகம் சேர்த்த வடிவம் 3.05. நம்ம ஒரு ரூபாய் நாணயம் ரெண்டை அடுக்கினால் கிட்டத்தட்ட அவ்வளவுதான். மெல்லியதாக இருக்க வேண்டும் என்று நொடிமுள்ளைக்கூட விட்டுவிட்டார்கள். ராயல் ஓக்கின் முதல் மாடலில் நொடிமுள் கிடையாது. நாட்டிலஸின் முதல் மாடலிலும் கிடையாது. காரணம் ஒன்றே, ரெண்டிலும் உள்ளே இருப்பது அதே 920-இன் வடிவங்கள்தான். ஓடெமார் பீகே 2121 என்று பெயர் வைத்தது, பத்தேக் 28-255 என்று பெயர் வைத்தது. பெற்ற தாயான ஷேகர்-லெகூல்த்ர் மட்டும் தன் சொந்தப் பெயர் போட்ட கடிகாரம் ஒன்றில்கூட அதை வைத்ததில்லை.

இதோடு முடியவில்லை. ராயல் ஓக்கின் கேஸைச் செய்தது ஃபாவ்ர்-பெரே என்ற பட்டறை. பிரேஸ்லெட் கே ஃப்ரேர். நாட்டிலஸின் கேஸும் ஃபாவ்ர்-பெரே, பிரேஸ்லெட்டும் கே ஃப்ரேர். ராயல் ஓக்கின் டயலில் குட்டிக் குட்டிச் சதுரங்களாக ஒரு வேலைப்பாடு இருக்கும். அதைச் செய்து கொடுத்தது ஸ்டெர்ன் ஃப்ரேர். 1932-இல் பத்தேக் பிலிப்பை வாங்கிய ஸ்டெர்ன் குடும்பத்தின் தொழிலாகத் தொடங்கிய டயல் பட்டறை அது. ஆக, இன்று ரசிகர்கள் இரு கட்சியாகப் பிரிந்து சண்டை போடுகிற ரெண்டு கடிகாரங்களுக்கும் வரைந்தவர் ஒருவர், எஞ்சின் ஒன்று, கேஸ் பட்டறை ஒன்று, வார் செய்தவர் ஒருவர். ஒரே சிப், ஒரே ஸ்க்ரீன் வைத்து வெவ்வேறு பெயரில் செல்போன் வருகிறதே, அந்த மாதிரி. அந்த நாளைய சுவிஸ் தொழில் இப்படித்தான் ஓடியது. பெயர் ஒருவருடையது, வேலை ஒரு பள்ளத்தாக்கு முழுவதுக்கும்.

அப்படியென்றால் ரெண்டுக்கும் வித்தியாசமே இல்லையா? இருக்கிறது. பெரிய வித்தியாசம், பிறந்த நேரம்.

1972-இல் ராயல் ஓக் வந்தபோது விலை 3,000 பிராங்குக்கு மேல். தங்கக் கடிகாரத்துக்குக் கொடுக்கிற காசை இரும்புக்குக் கேட்கிறீர்களா என்றார்கள். ஆனால் இந்த ஸ்டீல் சல்லிசான வேலை இல்லை. கடினமான உலோகத்தில் இவ்வளவு கூர்மையான விளிம்புகளையும், பளபளப்பும் கோடுபோட்ட மேற்பரப்பும் மாறிமாறி வருகிற வேலையையும் செய்வது பெரும்பாடு. முதல் மாதிரிகளை வெள்ளைத் தங்கத்தில்தான் செய்தார்கள், அதுதான் வெட்டுவதற்குச் சுலபம் என்று. பிரேஸ்லெட்டின் ஒவ்வொரு கண்ணியும் கொக்கியை நோக்கிப் போகப் போகச் சிறுத்துக்கொண்டே வரும். முதலில் ஆயிரம் செய்யத் திட்டமிட்டார்கள், அவை அலைமோதி விற்றுவிடவில்லை. ஃபியட் முதலாளி ஜானி ஆன்யெல்லி மாதிரி ஆட்கள் கட்ட ஆரம்பித்த பிறகு மெல்லச் சூடுபிடித்தது. மொத்தத்தில் ஒரு வளமான காலத்தின் துணிச்சல் அது. புயல் இன்னும் வரவில்லை.

புயல் வந்தது அதற்கப்புறம். அதிலும் முதல் அடி குவார்ட்ஸ் இல்லை, நாணய மாற்று விகிதம் என்பது என் எண்ணம். 1970-இல் ஒரு டாலருக்கு 4.3 பிராங்க். 1971-இல் டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த கட்டை நிக்சன் அவிழ்த்துவிட்டார். 1978 கடைசியில் ஒரு டாலருக்கு 1.7 பிராங்குக்கும் கீழே. கணக்குப் போடுங்கள். 100 பிராங்க் கடிகாரம் அமெரிக்கக் கடையில் 23 டாலரிலிருந்து 60 டாலராக ஏறிவிட்டது. கடிகாரத்தில் ஒரு மாற்றமும் இல்லை, தொழிலாளி ஒரு தப்பும் செய்யவில்லை. இந்தப் பக்கம் இப்படி விலை ஏற, அந்தப் பக்கம் மின்னணுவின் விலை சரிந்தது. 1976-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பிளாஸ்டிக் டிஜிட்டல் கடிகாரத்தை 20 டாலருக்கு விட்டது. ரெண்டு பக்கமும் நெருக்கியதில் 1970-இல் சுமார் 90,000 பேர் வேலை பார்த்த சுவிஸ் கடிகாரத் தொழிலில், 1980-களின் நடுவில் முப்பதாயிரத்துச் சொச்சம் பேர்தான் மிஞ்சினார்கள். 1,600 கம்பெனிகள் இருந்த இடத்தில் 600 சொச்சம். மூன்றில் ரெண்டு பங்கு. ஜூரா மலைப்பகுதியில் ஊருக்கே அது ஒன்றுதான் தொழில் என்கிற இடங்கள் உண்டு.

நாட்டிலஸ் வந்த வருடம் எது தெரியுமா? அதே 1976. 20 டாலர் கடிகாரம் வந்த வருடம், 3,000 டாலருக்கு மேல் விலை போட்ட ஒரு ஸ்டீல் கடிகாரம். 1839-இல் வேர்விட்ட, தங்கத்தாலேயே பெயர் பெற்ற ஜெனிவா வீட்டிலிருந்து. உலகின் விலை மிகுந்த கடிகாரங்களில் ஒன்று ஸ்டீலில் செய்யப்பட்டிருக்கிறது என்று விளம்பரத்திலேயே மார்தட்டினார்கள். இடையில் தங்கத்தின் விலை அவுன்ஸுக்கு 35 டாலரிலிருந்து 1974 கடைசியில் 180-ஐத் தாண்டியிருந்தது என்பதையும் நினைவில் வையுங்கள். ராயல் ஓக் வெயிலில் செய்த சாகசம். நாட்டிலஸ் கொட்டுகிற மழையில் குடை இல்லாமல் இறங்கி நடந்தது. எனக்கென்னவோ ரெண்டாவதுக்குத்தான் அதிக நெஞ்சுரம் வேண்டும் என்று தோன்றுகிறது, முதலில் வழி காட்டியவர் ஒருவர் இருந்தார் என்றாலும்.

நாட்டிலஸின் வடிவத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கப்பலின் வட்ட ஜன்னல்தான் மாதிரி. ஜன்னல் கதவுக்கு ரெண்டு பக்கமும் கீல் இருக்குமே, அதுதான் கேஸின் ரெண்டு பக்கமும் துருத்திக்கொண்டிருக்கிற 'காதுகள்'. அலங்காரம் மாதிரி இருந்தாலும் மேல் வளையத்தையும் கேஸையும் இறுக்கிப் பிடிக்கிற ஸ்க்ரூக்கள் இந்தக் காதுகளில்தான் பக்கவாட்டில் போகின்றன. ராயல் ஓக்கில் பளிச்சென்று முன்னால் தெரிந்த எட்டு போல்ட் இங்கே காணோம். எட்டுக்கோணம் இருக்கிறது, ஆனால் பக்கங்கள் லேசாக வளைந்து மூலைகள் மழுங்கியிருக்கும். டயலில் சதுரங்களுக்குப் பதில் படுக்கைக் கோடுகள். 42 மில்லிமீட்டர், 120 மீட்டர் ஆழம் தாங்கும். முன்னதுக்கு 50 மீட்டர்தான். வைத்துக் கொடுத்த பெட்டி கார்க்கில் செய்தது.

பெயர்களில் ஒரு வேடிக்கை. நாட்டிலஸ் என்பது ஜூல் வெர்ன் நாவலில் கேப்டன் நீமோ ஓட்டுகிற நீர்மூழ்கிக் கப்பல். ராயல் ஓக் பிரிட்டிஷ் கடற்படையின் போர்க்கப்பல்களுக்கு வழிவழியாக வந்த பெயர். 1651-இல் வூஸ்டர் போரில் தோற்ற ரெண்டாம் சார்ல்ஸ் ஒளிந்துகொண்ட ஓக் மரத்தின் நினைவாக வைத்தது. அந்தப் பெயரைத் தாங்கிய கடைசிக் கப்பலை 1939 அக்டோபரில் மூழ்கடித்தது ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி. போட்டியாளர்களுக்குப் பெயர் வைத்தவர்கள் இதை யோசித்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

அந்த அஞ்சு நிமிட ஓட்டல் கதை? பாசல் கண்காட்சி சமயத்தில் ஓட்டலில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஜென்டா, எதிர் மூலையில் பத்தேக் ஆட்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, பரிமாறுகிறவரிடம் தாளும் பென்சிலும் வாங்கி வரைந்தார் என்பது. இதுவும் அவர் சொன்னதுதான். நான் இதை நம்புகிறேன். ஒயிட்போர்டில் அஞ்சு நிமிடத்தில் வரைந்த படம் ஒரு பெரிய சாப்ட்வேரின் அடித்தளமாக நின்றதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் படத்துக்கும் கடைக்கு வருகிற பொருளுக்கும் நடுவில் எத்தனை பேரின் எத்தனை மாதங்கள் என்பதை யாரும் பேட்டியில் சொல்வதில்லை. ஃபாவ்ர்-பெரே பட்டறையில் அந்தக் காதைக் கடைந்து எடுத்தவரின் பெயர் எந்தக் கட்டுரையிலும் வருவதில்லை.

ஜென்டா என்ற மந்திரக்கோல் எல்லா இடத்திலும் வேலை செய்யவும் இல்லை. அதே 1976-இல் ஐ.டபிள்யூ.சி. கம்பெனிக்கு அவர் வரைந்த இன்ஜெனியர் எஸ்.எல். ஸ்டீல் கேஸ், ஒட்டிய பிரேஸ்லெட், வளையத்தில் அஞ்சு குழிகள் என்று அதே குடும்பச் சாயல்தான். அன்றைக்கு விற்றது சுமார் ஆயிரம்தான்.

ஆக, இந்த ரெண்டும் சுவிஸ் தொழிலைக் காப்பாற்றினவா என்று கேட்டால், என் பதில் இல்லை என்பதுதான். வருடத்துக்குச் சில ஆயிரம் கடிகாரம் செய்கிற வீடுகள் எப்படி 90,000 பேருக்குச் சோறு போட முடியும்? தொழிற்சாலைகளைக் காப்பாற்றியது 1983-இல் வந்த ஸ்வாட்ச். 51 பாகம், பிளாஸ்டிக் கேஸ், உள்ளே குவார்ட்ஸ். எதிரியின் ஆயுதத்தை எடுத்துத்தான் ஜெயித்தார்கள். நம்ம பக்கத்திலும் அதே காலத்தில் அதே முடிவை எடுத்தவர்கள் உண்டு. தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் டாட்டாவும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டன், மெக்கானிக்கலில் கோலோச்சிய எச்.எம்.டி.யோடு மோத ஓசூரில் குவார்ட்ஸைத்தான் கையில் எடுத்தது. ராயல் ஓக்கும் நாட்டிலஸும் செய்தது வேறு. சரியான நேரம் காட்டுவதில் தோற்றுப்போன ஒரு பொருளுக்கு, நேரத்தைத் தவிர வேறு காரணத்துக்காகப் பெரிய காசு கொடுக்க ஆள் இருக்கிறது என்று காட்டின. பிழைத்த முப்பதாயிரம் பேரில் ஒரு பகுதியினருக்கு அது வேலையாக மாறியது. மீதி அறுபதாயிரம் பேருக்கு இல்லை.

ஜென்டாவுக்கு? 1931-இல் ஜெனிவாவில் பிறந்து நகைத்தொழில் படித்தவர், ஆரம்பத்தில் ஒரு டிசைன் 15 பிராங்க் என்று கடை கடையாக விற்றவர். 2011-இல் காலமானார். அவர் வரைந்த ராயல் ஓக் மூலப்படம் 2022-இல் ஏலத்தில் ஐந்து லட்சம் பிராங்குக்கு மேல் போனது. அதற்கு முந்தின வருடம் பத்தேக் நிறுவனம் நாட்டிலஸின் புகழ்பெற்ற 5711 மாடலை நிறுத்தியது. கடைசியாக டிஃபனி கடையின் நீல நிறத்தில் 170 மட்டும் செய்தார்கள். அதில் ஒன்று டிசம்பர் ஏலத்தில் 65 லட்சம் டாலருக்குப் போனது. அதன் உள்ளே 920 கிடையாது, பத்தேக் தன் சொந்த எஞ்சினுக்கு எப்போதோ மாறிவிட்டது. ராயல் ஓக்தான் கடைசிவரை விடவில்லை. அதன் ஜம்போ மாடலில் 1972-இல் ஏறிய 2121, 2022-இல் புது எஞ்சின் வரும்வரை ஐம்பது வருடம் ஓடியது. புது எஞ்சின் கடிகாரத்தைப் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தால் பழசுக்கும் புதுசுக்கும் கனம் அதேதான். நொடிமுள் இப்போதும் கிடையாது.